ஃபிளாஷ் இல்லாமல், ஜன்னல் வெளிச்சத்தில் நல்ல முகப்படம் எடுக்க முடியுமா? வெளிச்சத்தை முகத்தின் மேல் திருப்பிவிடும் ரிஃப்ளெக்டர் பலகையை வீட்டிலேயே செய்துகொள்ளலாமா?

இரண்டும் முடியும். ஆனால் அட்டையையும் கத்தரிக்கோலையும் தேடிப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். படம் எடுக்கப்போகிறவரை ஜன்னலருகே நிறுத்தி, கேமராவைத் தொடாமல், அவரை மெல்லத் திரும்பச் சொல்லிப் பாருங்கள். ஜன்னலை நேராகப் பார்க்கும்போது முகம் தட்டையாக இருக்கும். சற்றுத் திரும்பியதும் மூக்கின் நிழல் கன்னத்தில் விழும். இன்னும் திரும்பினால் அந்த நிழல் கன்னத்து நிழலோடு சேர்ந்து, இருண்ட பக்கக் கண்ணுக்குக் கீழே ஒரு சிறு முக்கோணம் மட்டும் வெளிச்சமாக மிஞ்சும். ஓவியர் ரெம்பிராண்டின் பெயரால் புகைப்படக்காரர்கள் அழைக்கும் வெளிச்சம் இதுதான். முக்கோணம் வரவில்லையென்றால் பெரும்பாலும் வெளிச்சம் மிகத் தாழ்வாக வருகிறது என்று பொருள். ஜன்னலின் கீழ்ப்பாதியை ஒரு துணியால் மறைத்துப் பாருங்கள். அந்த முகத்துக்கு எந்தத் திருப்பம் பொருந்துகிறது என்று தெரிந்த பிறகுதான் ரிஃப்ளெக்டருக்கு வேலை.

நான் இதைத் தலைகீழாகச் செய்து கற்றுக்கொண்டவன். பெரிய அட்டை ஒன்றில் அலுமினியத் தாளைச் சுருக்கமே இல்லாமல் இழுத்து ஒட்டினேன். பெரியம்மாவை வெயிலில் உட்காரவைத்து, அதை அவர் காலடியில் சாய்த்துவைத்தேன். "கண்ணைப் பறிக்கிறதடா, எடுத்து அந்தப் பக்கம் போடு" என்றார். நான் கேட்கவில்லை. படத்தில் கண்கள் இடுங்கி நீர் கோத்திருந்தன. மூக்கின் நிழல் நெற்றியை நோக்கி ஏறியிருந்தது. இருட்டில் முகவாய்க்குக் கீழே டார்ச் அடித்துக் குழந்தைகளைப் பயமுறுத்துவோமே, அதே முகம்.

தவறு இரண்டு. முதலாவது, பளபளப்பு. நிழலின் விளிம்பு மென்மையாக இருப்பதும் கூர்மையாக இருப்பதும், வெளிச்சம் வரும் பரப்பு முகத்திலிருந்து பார்க்க எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைப் பொறுத்தது. சூரியன் எத்தனை பெரியதானாலும் நம் வானத்தில் அரை டிகிரி அகலம்தான். அதனால்தான் வெயிலில் நிழல் கத்தியால் வெட்டியதுபோல் விழுகிறது. மேகம் மூடினால் வானம் முழுவதுமே விளக்கு. நேர்வெயில் படாத ஜன்னல், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குப் பெரிய விளக்கு. மூன்று மீட்டர் தள்ளிப் போனால் சின்ன விளக்கு, மங்கலும்கூட. கசங்காத அலுமினியத் தாளோ ஏறக்குறைய கண்ணாடி. நான் பெரியம்மாவின் காலடியில் இன்னொரு சூரியனை வைத்திருக்கிறேன். அந்தத் தாளை நன்றாகக் கசக்கி, மீண்டும் விரித்து ஒட்டினால் வெளிச்சம் பல திசையில் சிதறி அடங்கும். இரண்டாவது தவறு, கீழிருந்து அடித்தது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இப்போது நான் அலுமினியத் தாளை அதிகம் தொடுவதில்லை. வெள்ளைத் தெர்மாகோல் போதும். ஒரு பலகையை இரண்டாக வெட்டி, பின்பக்கம் அகலமான டேப்பால் சேர்த்து ஒட்டுங்கள். புத்தகத்தைப் பாதி திறந்து நிறுத்துவதுபோல் நிறுத்தலாம். பிடித்துக்கொள்ள ஆள் வேண்டாம். பின்புறம் கறுப்புத் தாள் ஒட்டிவையுங்கள். மேகமூட்டமான நாளில் வெளியே எடுத்தால் எல்லாப் பக்கமிருந்தும் வெளிச்சம் வந்து முகம் உப்பில்லாத பண்டம்போல் ஆகிவிடும். அப்போது கறுப்புப் பக்கத்தை ஒரு கன்னத்தருகே கொண்டுபோனால் அந்தப் பக்கம் இருண்டு, முகத்துக்கு வடிவம் திரும்பும். வெளிச்சத்தைக் கூட்டுவதைவிடக் குறைப்பதற்குத்தான் நான் அதை அதிகம் எடுத்திருக்கிறேன்.

வெள்ளைப் பக்கத்தை நிழல் விழும் கன்னத்துப் பக்கம், முக உயரத்தில் வையுங்கள். காதுக்கு நேராக வைக்காதீர்கள். காது பளிச்சென்றும் மூக்கோரம் கறுப்புக் கோடாகவும் வரும். சற்று முன்னால், கேமராவை நோக்கி நகர்த்துங்கள். முதலில் அட்டையின் விளிம்பு படத்தில் தெரியும் அளவுக்கு நெருக்கி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விலக்குங்கள். நிழல் இன்னும் நிழலாகவே இருக்கிறது, ஆனால் அதற்குள் தோலும் கண்ணும் தெரிகின்றன என்னும் இடத்தில் நிறுத்துங்கள். வெளிச்சப் பக்கம் நிழல் பக்கத்தைவிட இரண்டு மடங்கு என்றால் இதமான முகம். நான்கு மடங்கு என்றால் அழுத்தமான முகம். நிழலை முழுக்க அழித்துவிட்டால் அடையாள அட்டைப் படம்தான் கிடைக்கும்.

அறையின் விளக்குகளை அணைத்துவிடுங்கள். வெளிச்சத்தின் நிறத்தை அளக்கும் கெல்வின் கணக்கில் பகல் வெளிச்சம் சுமார் 5500, மஞ்சள் பல்பு சுமார் 3000. ஒரே முகத்தில் இரண்டும் விழுந்தால், வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி கேமரா நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸ் எதற்கென்று சமாதானம் சொல்லும்? எக்ஸ்போஷரை, அதாவது கேமரா எடுத்துக்கொள்ளும் வெளிச்சத்தின் அளவை, முகத்துக்கு ஏற்றபடி வையுங்கள். கைப்பேசியானால் முகத்தின் மேல் விரலை வைத்தாலே போதும். பின்னணி கறுப்பாக இருந்தால் கேமரா ஏமாந்து முகத்தை வெளுக்கவிடும், வெள்ளைச் சுவரானால் கறுக்கவிடும்.

"வடக்குப் பார்த்த ஜன்னலே சிறந்தது" என்று பல இடங்களில் படிப்பீர்கள். பூமத்திய ரேகைக்கு வெகு வடக்கே இருப்பவர்களுக்கு அது சரி. ரேகையை ஒட்டி இருப்பவர்களுக்கு ஆண்டில் சில மாதங்கள் சூரியன் வடக்கிலும் வந்து நிற்கும். உங்கள் ஜன்னல்களை ஒரு நாள் முழுக்கக் கவனித்து, எது எப்போது வெயில் படாமல் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பட்டால் மெல்லிய வெள்ளைத் துணியைத் தொங்கவிடுங்கள். புகைப்படக்காரர் ஜூலியா மார்கரெட் கேமரூன் 1863இல், 48 வயதில், முதல் கேமராவைப் பெற்று, கண்ணாடி போட்ட கோழிக்கூடத்தையே ஸ்டூடியோவாக்கி எடுத்த முகங்களைத் தேடிப் பாருங்கள். அவருக்கு எதிரே உட்கார்ந்தவர்கள் நிமிடக் கணக்கில் அசையாமல் இருக்கவேண்டியிருந்தது. நமக்கு ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு போதும்.

கீழிருந்து வரும் வெளிச்சத்துக்கு வருகிறேன். அது மேலிருந்து வருவதை மிஞ்சினால்தான் பேய்முகம். மெல்லியதாக வந்தால் கண்குழியின் இருட்டை நீக்கும், முகவாய்க்குக் கீழுள்ள நிழலையும் தணிக்கும். பெரியம்மாவை அடுத்த முறை ஜன்னலோரம் உட்காரவைத்து, கையில் செய்தித்தாளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். மடியில் விரிந்த தாளே ரிஃப்ளெக்டர். அவர் தலை நிமிர்ந்தபோதெல்லாம் எடுத்தேன். "எப்போதடா எடுக்கப்போகிறாய்?" என்று கேட்டார், அதற்குள் இருபது படம் ஆகியிருந்தது. நீங்கள் செய்யும்போது முழுப்பக்க வண்ண விளம்பரம் இருக்கும் பக்கத்தை மட்டும் திருப்பிவிடுங்கள். என் முதல் சில படங்களில் அவர் முகவாய் சிவந்திருந்ததற்கு அதுதான் காரணம்.