பத்துப் பதினைந்து நிமிட மௌனப் படத்தில் காதலிப்பவனின் உண்மைக் குணத்தை எப்படிக் காட்டினார்கள்?

சட்டென்று நினைவுக்கு வருவது 1912-இல் அமெரிக்காவின் பயோகிராஃப் நிறுவனத்துக்காக டி. டபிள்யூ. கிரிஃபித் எடுத்த ‘தி பெயின்டட் லேடி’. ஒரே ரீல்தான்.

அக்கா, தங்கை இருவர். தங்கை பவுடர் பூசி மினுக்குகிறாள், பையன்கள் அவளைச் சுற்றுகிறார்கள். கண்டிப்பான அப்பாவின் பேச்சைக் கேட்டு வெறும் முகத்தோடு வரும் அக்காவை, ஐஸ்கிரீம் விருந்தில் யாருமே கண்டுகொள்வதில்லை. அப்போது வெளியூர்க்காரன் ஒருவன் வந்து நைச்சியமாகப் பேசுகிறான். அவனுக்கு வேண்டியது அவள் அல்ல, அப்பாவின் பணம். ஒருநாள் இரவு முகமூடித் திருடன் வீட்டுக்குள் நுழைகிறான். அவள் சுடுகிறாள், முகமூடியை விலக்கிப் பார்க்கிறாள்: அவனேதான்!

வேறு இயக்குநராக இருந்தால் இத்தோடு ‘சுபம்’ போட்டிருப்பார். இங்கே படத்தின் உயிரே இனிமேல்தான். புத்தி பேதலித்த அவள், வழக்கமாகச் சந்தித்த இடத்துக்குப் போய், இல்லாத காதலனோடு சிரித்துப் பேசுகிறாள். காற்றைப் பார்த்து நாணுகிறாள். வசனம் இல்லை, எதிரே ஆளும் இல்லை. எல்லாம் முகத்திலேயே ஓடுகிறது. நடித்த பிளான்ச் ஸ்வீட்டுக்கு அப்போது வயது 16. (அந்தக் காலத்தில் பயோகிராஃப் நடிகர்களின் பெயரைக்கூட வெளியிடாது, அநியாயம்!)

அப்புறம் கடைசியில், வாழ்நாளெல்லாம் ஒதுக்கிவைத்த அந்தச் சாயத்தை அவளே முகத்தில் பூசிக்கொள்கிறாள்.