'பிரீஹிஸ்டாரிக் பார்க்' தொடரை இப்போது பார்த்தாலும் நன்றாக இருக்குமா?

அழிந்துபோன விலங்குகளை இந்தக் காலத்துக்குக் கொண்டுவரும் இந்த டிவி தொடரைப் பற்றி நீங்கள் கேட்பது நியாயம்தான், 2006-இல் வந்தது, கிராபிக்ஸ் பழசாகிவிட்டது, அறிவியலும் நிறைய மாறிவிட்டது, இனிமேல் உட்கார்ந்து பார்க்க வேண்டுமா என்று தோன்றத்தான் செய்யும். பார்க்கலாம், தாராளமாகப் பார்க்கலாம். போன மாதம்தான் இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகளோடு ஆறு பகுதியையும் மறுபடி பார்த்து முடித்தேன். அந்தச் சூட்டோடு எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குக் கதை இதுதான். நைஜல் மார்வென் என்று ஒரு பிரிட்டிஷ்காரர், நிஜத்திலேயே இயற்கை ஆர்வலர், பாம்பையும் முதலையையும் தேடிப்போய்ப் படம் எடுப்பவர். தொடரில் அவராகவே வருகிறார். இரண்டு கம்பங்களை மண்ணில் நட்டால் நடுவில் காலத்தின் வாசல் திறக்கும், அதன் வழியே போய், அழியப்போகிற விலங்கு ஒன்றிரண்டை இந்தக் காலத்துக்கு ஓட்டிக்கொண்டு வந்து, ஒரு பெரிய காப்பகத்தில் வைத்து வளர்ப்பார். பிபிசிக்கு 1999-இல் 'வாக்கிங் வித் டைனோசர்ஸ்' எடுத்த டிம் ஹெய்ன்ஸ் தொடங்கிய இம்பாசிபிள் பிக்சர்ஸ் நிறுவனம்தான் இதையும் ஐடிவி என்ற பிரிட்டிஷ் சேனலுக்காக எடுத்தது. பிரிட்டிஷ் பதிப்பில் பின்னணிக் குரல் நடிகர் டேவிட் ஜேசன். அந்தக் காலவாசல் எப்படி வேலை செய்கிறது, யார் கண்டுபிடித்தார்கள் என்று ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. எனக்கு அது குறையாகவே படவில்லை. உண்மையான வனவிலங்கு ஆவணப்படம் போலவே எடுத்திருப்பதால், ஜீப்பில் ஏறி மசினகுடிக்குப் போவது மாதிரி ஆறரைக் கோடி வருடம் பின்னால் போய்விட்டு வருகிறார், நாமும் கூடவே போய்விடுகிறோம்.

சரி, என்னைப் பிடித்து உட்கார வைத்தது டைரனோசார் இல்லை, பாப் என்கிற தலைமைப் பராமரிப்பாளர். மற்ற டைனோசார் படங்களில் விலங்கு வரும், உறுமும், ஆளைத் துரத்தும், படம் முடிந்துவிடும். இங்கே விலங்கைக் கொண்டுவந்து இறக்கிய பிறகுதான் உண்மையான வேலையே ஆரம்பிக்கிறது. இதற்கு என்ன தீனி போடுவது, வேலி எவ்வளவு உயரம் வேண்டும், சாணியை யார் அள்ளுவது, காயம் பட்டால் கால்நடை மருத்துவர் எப்படிக் கிட்டே போவது என்று ஒவ்வொன்றாக வரும். ஓர்னிதோமிமஸ் என்று நெருப்புக்கோழி மாதிரி ஓடும் டைனோசார்கள், அவற்றின் முட்டை பொரித்ததும் குஞ்சுகள் பாபைத் தாய் என்று நினைத்துக்கொண்டு அவர் போகிற இடமெல்லாம் பின்னாலேயே ஓடும். அடை வைத்து வாத்துக் குஞ்சு பொரித்துப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். முட்டையிலிருந்து வந்ததும் முதலில் கண்ணில் படுவது யாரோ அவர்தான் அம்மா. பாபும் சலித்துக்கொண்டேதான் பார்த்துக்கொள்வார், ஆனால் ஒரு நாளும் விட்டுவிட மாட்டார்.

இரண்டாவது பகுதியைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நைஜல் பத்தாயிரம் வருடம் பின்னால் சைபீரியாவுக்குப் போகிறார். அங்கே இரண்டு கம்பளி மாமத்துகள், அதாவது உடம்பெல்லாம் அடர்ந்த முடியோடு இருந்த, அழிந்துபோன யானை இனம், அக்கா தங்கை. மனிதர்கள் வெட்டிய குழியில் ஒன்று விழுந்து உயிரை விட்டுக்கொண்டிருக்கிறது. இன்னொன்று அதை விட்டுப் போகாமல் பக்கத்தில் நிற்கிறது. உயிரோடு இருப்பதை மட்டும் காப்பகத்துக்குக் கொண்டுவந்து மார்த்தா என்று பெயர் வைக்கிறார்கள். வந்த இடத்தில் மார்த்தாவுக்கு எந்தக் குறையும் இல்லை, ஆனால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறாள், சரியாகச் சாப்பிட மாட்டேன் என்கிறாள்.

என் மகள் டிவியைப் பார்த்துக்கொண்டே, "அதோட அக்காவை ஏம்ப்பா கூட்டிட்டு வரல?" என்றாள். எனக்குத் தொண்டையை அடைத்துவிட்டது, ஏனென்றால் நான் அந்த நேரம் ஆச்சி வீட்டு எருமையை நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்பது பத்து வயது இருக்கும், அதன் கன்று செத்துப்போனது. ஆச்சி கழுநீரில் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் கலந்து தொட்டியில் ஊற்றி வைத்தால், மூக்கைக் கொண்டுபோய் முகர்ந்து பார்த்துவிட்டு, மேலுதட்டில் ஒட்டின தவிட்டைக்கூட நக்காமல் தலையைத் திருப்பிக்கொள்ளும். மூன்று நாள் அப்படியே. நான்காம் நாள் ஆச்சி அதைக் கட்டுத்தறியிலிருந்து அவிழ்த்து, பக்கத்து வீட்டு எருமைகளோடு சேர்த்துக் குளத்துக்கு ஓட்டிவிட்டார். "நாலு மாட்டோட நின்னா தானா மேயும்" என்று மட்டும் சொன்னார். சாயங்காலம் திரும்பி வரும்போது வாயில் புல் இருந்தது.

காப்பகத்துக்காரர்களும் கடைசியில் அதையேதான் செய்கிறார்கள். யானை வகையில் பெண்கள் கூட்டமாக வாழ்பவை, தனியாக நின்றால் ஏங்கிவிடும் என்று புரிந்து, அங்கே இருக்கும் ஆப்பிரிக்க யானைக் கூட்டத்தோடு மார்த்தாவைப் பழக்கப் பார்க்கிறார்கள். கூட்டத்துத் தலைவி முதலில் அவளை அண்ட விடுவதில்லை. அந்த இடத்தில் பின்னணி இசையைக் கொட்டி நம்மை அழ வைக்கப் பார்க்காமல், ஒரு புது மாட்டைத் தொழுவத்தில் சேர்க்கும்போது எவ்வளவு பொறுமை வேண்டுமோ அவ்வளவு பொறுமையோடு காட்டியிருக்கிறார்கள். (மரபணுப்படி பார்த்தால் மாமத்துக்கு நெருங்கிய சொந்தம் ஆப்பிரிக்க யானை இல்லை, நம்ம ஊர் ஆசிய யானை. தென்னாப்பிரிக்காவில் படம் பிடித்ததால் கைக்குக் கிடைத்த யானையை வைத்து எடுத்திருக்கிறார்கள், அது பரவாயில்லை.)

அதே பகுதியில் எலாஸ்மோதீரியம் என்று நெற்றியில் ஒற்றைக் கொம்போடு யானை அளவுக்கு நிற்கும் காண்டாமிருகம் ஒன்றும் வரும். அதைப் பார்த்ததும் கென்யாவில் ஓல் பெஜெட்டா காப்பகத்தில் இருக்கும் வடக்கு வெள்ளைக் காண்டாமிருகங்கள்தான் நினைவுக்கு வந்தன. சூடான் என்ற கடைசி ஆண் 2018 மார்ச்சில் இறந்துபோனது, மிஞ்சியவை நஜின், ஃபாத்து என்ற தாயும் மகளும் மட்டுமே. துப்பாக்கி ஏந்திய காவலர்கள் இரவு பகலாகக் கூடவே நிற்கிறார்கள். 2006-இல் இந்தத் தொடரைப் பார்த்தபோது, கடைசி இரண்டு விலங்குக்கு ஆள் போட்டுக் காவல் காப்பது கற்பனை என்று நினைத்தேன்.

இப்போது அறிவியல் பழசாகிவிட்டதா என்ற உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். ஆமாம், பல இடங்களில். டைனோசார் அழிவை அன்றைக்கு 6.5 கோடி வருடம் என்று சொன்னார்கள், இன்றைக்கு 6.6 கோடி என்கிறார்கள், அது சின்ன விஷயம். மாமத்து பத்தாயிரம் வருடத்துக்கு முன் முழுதாக அழியவில்லை, ஆர்க்டிக் கடலில் ராங்கெல் தீவில் சுமார் 4,000 வருடத்துக்கு முன்புவரை ஒரு சிறு கூட்டம் பிழைத்திருந்தது, அதாவது எகிப்தில் கிசா பிரமிடுகள் கட்டி முடித்துப் பல நூறு வருடம் ஆன பிறகும். நான்காம் பகுதியில் வாள்பல் பூனையோடு ஃபோருஸ்ராகோஸ் என்ற ராட்சதப் பறவையைப் பத்து லட்சம் வருடத்துக்கு முன்னால் காட்டுகிறார்கள். அந்தப் பறவை அதற்கும் ஒரு கோடி வருடத்துக்கு மேல் முந்தியது, இங்கே நன்றாகவே தவறிவிட்டார்கள்.

ஐந்தாம் பகுதி, ஸ்காட்லாந்தின் முப்பது கோடி வருடத்துக்கு முந்தைய சதுப்புக் காடு, இன்றைக்கும் அப்படியே பிரமிப்பாக இருக்கிறது. ஆர்த்ரோப்ளூரா என்ற ராட்சத மரவட்டையைத் தேடி நைஜல் போகிறார். மழைக்காலத்தில் நம் வீட்டுச் சுவரில் ஏறுமே, தொட்டால் சுருண்டுகொள்ளும் அந்த மரவட்டைதான், ஆனால் ஆள் நீளத்துக்கும் மேல். படம் வந்து பன்னிரண்டு வருடம் கழித்து, 2018-இல், இங்கிலாந்தின் நார்தம்பர்லண்ட் கடற்கரையில் பாறை உடைந்து விழுந்து அதன் புதைபடிவம் வெளியே தெரிந்தது. கிடைத்த துண்டை வைத்துக் கணக்குப் போட்டதில் முழு நீளம் 2.6 மீட்டர், எடை 50 கிலோ இருக்கும் என்றார்கள். காற்றில் ஆக்சிஜன் அதிகம், அதனால்தான் பூச்சிகள் இவ்வளவு பெரிதாக வளர்ந்தன என்று தொடர் சொல்கிறது, காப்பகத்தில் அவற்றுக்காக ஆக்சிஜன் கூட்டிய தனிக் கட்டடமே கட்டுகிறார்கள். இந்தப் புதைபடிவமோ ஆக்சிஜன் உச்சத்துக்குப் போவதற்கு முந்திய காலத்தது, ஆகவே அது மட்டுமே காரணம் இல்லை என்று இப்போது சொல்கிறார்கள். அதன் தலை எப்படி இருந்தது என்பதே 2024-இல் பிரான்ஸ் படிவங்களை ஸ்கேன் செய்துதான் தெரியவந்தது. படம் எடுத்தவர்கள் தலை தெரியாமலேயே ஒரு விலங்கை நடக்க வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தால், எனக்கு அவர்கள் மேல் மரியாதைதான் கூடுகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2025-இல் ஒரு அமெரிக்க நிறுவனம் சாம்பல் ஓநாயின் மரபணுவில் சில மாற்றங்கள் செய்து, 'டயர் வுல்ஃப்' என்ற அழிந்துபோன பெரிய ஓநாய் இனத்தை மீட்டுவிட்டோம் என்று அறிவித்தபோது உலகமே பேசியது. பல விஞ்ஞானிகள் இது மாற்றிய சாம்பல் ஓநாய்தான் என்றார்கள். அடுத்து மாமத்து என்கிறார்கள். எனக்கு மார்த்தாதான் கண்முன் வருகிறாள். எந்தக் கூட்டத்தோடு சேர்ப்பார்கள், எதைத் தின்னும் என்று யார் சொல்லிக்கொடுப்பார்கள்? யானைக் குட்டி எந்தச் செடியைத் தின்பது, தண்ணீர் எங்கே கிடைக்கும் என்பதையெல்லாம் பெரிய யானைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறது. மாமத்துக் குட்டிக்குக் கற்றுக்கொடுக்க எந்த மாமத்து இருக்கிறது? இதைப் பொழுதுபோக்குத் தொடர் ஒன்று 2006-லேயே நேராகக் காட்டிவிட்டது, அதனால்தான் இதை இவ்வளவு பிடித்துப் பேசுகிறேன்.

அப்புறம், பார்ப்பதென்றால் முதலிலிருந்து வரிசையாகப் பாருங்கள். முதல் பகுதியில் விண்கல் விழும் நேரத்தில் காப்பாற்றி வருகிற டைரனோசார்க் குட்டிகள் டெரன்ஸ், மட்டில்டா இரண்டும் பகுதிக்குப் பகுதி வளர்ந்துகொண்டே வரும், ஆறாம் பகுதியில் ஜீப்பில் ஒளிந்துகொண்டு ட்ரூடான் என்ற சின்ன டைனோசார் ஒன்று கூடவே வந்துவிடும், இடையில் விட்டால் தொடர்ச்சி போய்விடும்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் மூன்றாவது பகுதியின்போது பக்கத்திலேயே இருங்கள். சீனாவின் லியாவோனிங்கில், எரிமலை வாயு பரவி, மேய் லாங் என்ற குட்டி டைனோசார்கள் தூங்கினபடியே இறந்து கிடக்கும். நிஜத்திலும் அதன் புதைபடிவம் அப்படித்தான் கிடைத்தது, வாலை உடம்பைச் சுற்றி வளைத்து, கோழி இறக்கைக்குள் தலையை வைப்பது போல முகத்தைக் கைக்கு அடியில் செருகிக்கொண்டு. 2004-இல் அதற்குப் பெயர் வைத்தவர்கள் 'ஆழ்ந்து உறங்கும் டிராகன்' என்ற பொருளில்தான் வைத்தார்கள். என் மகள் அதை எழுப்பச் சொல்லி என் கையை உலுக்கிக்கொண்டே இருந்தாள்.