தண்ணீரை விட்டு வெளியே வாருங்கள், மீன் கரையோரம்தான் இருக்கிறது

கேள்வி: இங்கிலாந்தில் எக்சிட்டர் பக்கம் இருக்கிறேன். போன வருஷம் ஒரு தனியார் ஏரியில் ஃப்ளை ஃபிஷிங் (பூச்சி மாதிரி கட்டிய கொக்கியை, அதாவது ஃப்ளையை, வீசிப் பிடிப்பது) பழகி, ரெயின்போ ட்ரவுட் மீன் நிறையப் பிடித்தேன். இந்த வருஷம் டார்ட்மூரில் இருக்கும் ஃபெர்ன்வொர்தி நீர்த்தேக்கத்துக்கு நாலு முறை போய்விட்டேன். இடுப்பளவு தண்ணீரில் நின்று, முடிந்தவரை தூரமாக வீசியும் ஒரு பிரவுன் ட்ரவுட்கூட மாட்டவில்லை. ராட், லைன் மாற்ற வேண்டுமா? எந்த ஃப்ளை சரியாக வரும்?

பதில்: ராட் கிடக்கட்டும். நீங்கள் நிற்கும் இடம்தான் பிரச்சினை. நீங்கள் தேடிப் போன மீன் உங்கள் முதுகுக்குப் பின்னால், முழங்கால் ஆழத்தில் இருந்திருக்கும். நீங்கள் இறங்கிய சத்தத்திலேயே அது ஓடியிருக்கும்.

தனியார் ஏரி ரெயின்போ, பண்ணையில் தீவனம் போட்டு வளர்த்து விடப்பட்ட மீன். கூட்டமாகத் திறந்த நீரில் சுற்றும், பளபளவென்று எது ஓடினாலும் துரத்தும். மூர் எனப்படும் மேட்டுப் புதர்நிலத்துப் பிரவுன் ட்ரவுட்டோ உள்ளே வரும் ஓடைகளில் பொரித்துத் தானாக வளர்ந்தது. டார்ட்மூர் பெரும்பாலும் கருங்கல் பாறை, அதன் மேல் பீட் எனப்படும் மக்கிய கருமண். அதனால் தண்ணீர் தேநீர் நிறத்தில், சற்று அமிலத்தன்மையோடு, சத்துக் குறைந்து இருக்கும். அந்த நிறத்தைத் தாண்டி வெயில் ஆழத்துக்கு இறங்காது. பாசியும் பூச்சிப் புழுக்களும் வளர்வது கரையை ஒட்டிய ஆழமில்லாத பட்டையில்தான். மீதி உணவு காற்றில் அடித்துவரும் பூச்சி, அதில் பெரும்பங்கும் கரைக்குப் பக்கத்தில்தான் விழும். சாப்பாடு இருக்கிற இடத்தை விட்டு மீன் ஏன் நடு ஏரிக்குப் போக வேண்டும்?

ஆகவே அடுத்த முறை தண்ணீரில் இறங்காமல், நீரோரத்திலிருந்து இரண்டு மூன்று மீட்டர் பின்னாலேயே நில்லுங்கள். முடிந்தால் மண்டியிடுங்கள், சட்டை மங்கிய நிறமாக இருக்கட்டும். முதல் வீச்சு கரையோடு ஒட்டி, பக்கவாட்டில், ஐந்தாறு மீட்டர் போதும். அப்புறம் கொஞ்சம் வெளியே, அப்புறம் நேராக. மூன்று நாலு வீச்சில் ஒன்றும் நடக்கவில்லையா, இரண்டடி நகர்ந்து மறுபடி ஆரம்பியுங்கள். ஒரே இடத்தில் நின்றால் அங்கே இருக்கிற ஒன்றிரண்டு மீனுக்கு உங்களைத் தெரிந்துவிடும், அவ்வளவுதான். நாள் முழுக்க நடக்கத் தயாரில்லாதவருக்கு இந்த மீன் சரிப்படாது என்பது என் எண்ணம்.

காற்றையும் கவனியுங்கள். காற்று உங்கள் முதுகில் அடிக்கிற கரையில், ஓரமாக ஒரு பட்டை அலையில்லாமல் இருக்கும், அதைத் தாண்டினால் சிற்றலை தொடங்கும். காற்று கொண்டுவரும் வண்டும் ஈயும் அந்த எல்லைக்கோட்டுப் பக்கம்தான் விழும், ட்ரவுட் அதன் வழியாகவே ரோந்து வரும். ஃபெர்ன்வொர்தியைச் சுற்றி ஊசியிலைக் காடு இருப்பது இதற்கு நல்லதுதான். மரம் பின்னால் இடித்தால் ரோல் காஸ்ட் (லைனைப் பின்னால் வீசாமல் முன்னால் உருட்டி விடுவது) போட்டுக்கொள்ளுங்கள், எப்படியும் தூர வீச்சு இங்கே தேவையில்லை.

இன்னொன்று, கோடையில் தண்ணீர் வற்றும்போது தூண்டில் இல்லாமலாவது ஒரு நாள் போய்ப் பாருங்கள். 1942-இல் முடிந்த அந்த அணை, தெற்கு டெய்ன் ஆற்றை மறித்துப் பண்ணை நிலங்களை மூழ்கடித்தது. மட்டம் நன்றாக இறங்கினால் பழைய கல் வேலிச் சுவர்களும், பலகைக் கற்களை அடுக்கிக் கட்டிய பாலமும் வெளியே தெரியும். போனில் படம் எடுத்து வையுங்கள். நீர் நிரம்பிய பிறகு அந்தச் சுவரோரங்களும் பழைய ஓடைத் தடமும்தான் மீன் தங்குமிடம். வற்றிய நாளிலேயே மீன் பிடிப்பதென்றால் ஓடை வந்து சேரும் முகத்துவாரத்தைப் பாருங்கள். ஆனால் சேற்றில் கால் வைக்காதீர்கள், உள்ளே வாங்கும்.

சரி, ஃப்ளை. கறுப்பு என்று சொன்னால் பாதி பதில் முடிந்தது. வசந்தத்தில் சிறு கறுப்புக் கொசுப்பூச்சிகள், ஏப்ரல் கடைசியிலிருந்து மே வரை கால்களைத் தொங்கவிட்டுப் பறக்கும் ஹாதார்ன் ஈ, ஜூனில் கோக்-இ-பொந்தி என்னும் பழுப்பு வண்டு, ஆகஸ்டில் ஹெதர் புதர்களிலிருந்து வரும் செங்கால் ஈ, செப்டம்பரில் நெட்டைக்கால் டாடி. இவற்றில் பாதிக்கு மேல் கறுப்பு. பிளாக் பென்னல், பிபியோ, கோக்-இ-பொந்தி என்று கடையில் விற்கும் மூன்று ஃப்ளைகளையும் 12, 14 எண் கொக்கி அளவில் வைத்திருங்கள். பிபியோவின் நடுவில் இருக்கும் சிவப்புப் பட்டை அந்தச் செங்கால் ஈக்குச் சரியாகப் பொருந்தும். ரெயின்போவுக்கு வாங்கிய மினுமினுப்பான லூர்களை (பளபளக்கும் பெரிய ஃப்ளைகளை) வீட்டிலேயே வைத்துவிடுங்கள். லைனில் இரண்டு ஃப்ளை போதும், காற்றில் மூன்று கட்டினால் சிக்கெடுப்பதிலேயே மாலை போய்விடும்.

லைனை மெதுவாக, விரல்களில் சுற்றிச் சுற்றி இழுங்கள். கடைசி இரண்டு மீட்டரில் அவசரப்படாமல் ராடைத் தூக்கி, மேல் ஃப்ளை நீர்மட்டத்தில் தத்தித் தத்தி வரும்படி ஒரு நொடி நிறுத்துங்கள். பின்னாலேயே வந்த மீன் பெரும்பாலும் அங்கேதான் பாயும். நிறையப் பேர் அந்த நேரத்தில்தான் அடுத்த வீச்சுக்கு லைனைப் பிடுங்கிவிடுகிறார்கள். கடி மின்னல் வேகம், ரெயின்போ மாதிரி தானாக மாட்டிக்கொண்டு நிற்காது. நீங்கள் கவனமாக இருக்க வேண்டும்.

ராட் உங்களிடம் இருப்பதே போதும். ஒன்பதடியோ பத்தடியோ, 5 அல்லது 6 எண் (லைனின் எடையைக் குறிக்கும் எண்), மிதக்கும் லைன், நுனியில் 4 பவுண்டு தாங்கும் நரம்பு. எதிர்முள் இல்லாத கொக்கி வாங்குங்கள், விடும் மீனுக்குக் காயம் குறையும்.

வெயில் கொளுத்தி, அலையே இல்லாத நண்பகல் வீண். மேகமும் லேசான காற்றும், இல்லையென்றால் சாயங்காலம். குளிர்ந்த கிழக்குக் காற்று அடித்தால் நான் வீட்டில் இருந்துவிடுவேன்.

எதிர்பார்ப்பையும் சரிசெய்துகொள்ளுங்கள். இந்தத் தண்ணீரில் கால் கிலோ நல்ல மீன், அரைக் கிலோ என்றால் நண்பர்களுக்குப் படம் அனுப்பலாம். பருவம் மார்ச் நடுவிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை. நாள் டிக்கெட் மட்டும் போதாது. இங்கிலாந்தில் 13 வயது நிரம்பிய எல்லோருக்கும் சுற்றுச்சூழல் முகமையின் ராட் லைசென்ஸும் வேண்டும். இடி கேட்டால் ராடைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளிப் போங்கள், கார்பன் மின்சாரம் கடத்தும். வீட்டுக்கு வந்ததும் காலில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். டார்ட்மூர் புதர்களில் அது அதிகம், லைம் நோயைப் பரப்பும்.