பத்து நாள் மகளை இல்லத்தில் விட வேண்டும்: எதைப் பார்த்து முடிவு செய்வது?

கேள்வி: என் மகளுக்கு 27 வயது. அறிவுசார் குறைபாடு உண்டு. வலிப்புக்கு இரண்டு வேளை மாத்திரை சாப்பிடுகிறாள். சில வார்த்தைகள்தான் பேசுவாள். இன்னும் இரண்டு மாதத்தில் எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். கணவர் ஆஸ்பத்திரியில் என்னோடு இருக்க வேண்டும். பத்து நாள் அவளை ஏதாவது ஓர் இல்லத்தில் விடச் சொல்கிறார்கள். இதுவரை ஒரு ராத்திரிகூட அவளைப் பிரிந்ததில்லை. நல்ல இல்லம் என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: கையில் இரண்டு மாதம் இருப்பது நல்லது. ஆபரேஷனுக்கு முந்தின நாள் பையோடு போய் விட்டுவிட்டு வருகிற நிலைமை உங்களுக்கு வேண்டாம்.

நிரந்தரமாகத் தங்குகிற ஒருவரைப் புரிந்துகொள்ள ஊழியர்களுக்கு மாதக்கணக்கில் நேரம் கிடைக்கும். பத்து நாள் தங்க வருகிற பெண்ணைப் புரிந்துகொள்வதற்குள் அவள் வீடு திரும்பிவிடுவாள். அதனால் நீங்கள் போனதும் அவர்கள் உங்களிடம் என்ன கேட்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். கட்டணமும் ஆதார் நகலும் மட்டும் கேட்டால் யோசிக்க வேண்டும். வலிப்பு வருவதற்கு முன் அவளிடம் என்ன தெரியும், வயிறு வலித்தால் எப்படிக் காட்டுவாள், எந்தச் சத்தத்துக்குப் பயப்படுவாள், மாதவிடாய் நாட்களில் எவ்வளவு உதவி தேவை என்றெல்லாம் துருவிக் கேட்கிற இல்லத்தைத்தான் நான் நம்புவேன்.

பதிவுச் சான்றிதழைப் பாருங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன்படி பதிவு இல்லாமல் இப்படி ஓர் இல்லம் நடத்தக் கூடாது. சான்றிதழைக் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். ஆனால் சான்றிதழை வைத்துக் கவனிப்பை அளக்க முடியாது.

அதற்கு ராத்திரியைப் பற்றி விசாரிக்க வேண்டும். ஒன்பது மணியிலிருந்து விடியும்வரை எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர்? அவர்கள் விழித்திருப்பார்களா, தூங்குவார்களா? உங்கள் மகளின் அறையில் இருக்கப்போவது பெண் ஊழியர்தானா? அவருக்கு வலிப்பு முதலுதவி தெரியுமா? கதவை வெளியே பூட்டுவார்களா, சாவி யாரிடம்? 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். பூட்டோ கட்டிப்போடுவதோ பாதுகாப்புக்குத்தான் என்று எந்த இல்லமாவது சொன்னால், அங்கே விடாதீர்கள்.

வலிப்பு இருப்பவர்களுக்குக் குளியலறையும் ஆபத்தான இடம். இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் ஒரு சிகிச்சைப் பிரிவில் தங்கியிருந்த கானர் ஸ்பாரோஹாக் என்ற 18 வயது இளைஞர், 2013 ஜூலை 4 அன்று தனியாகக் குளித்துக்கொண்டிருந்தபோது வலிப்பு வந்து தொட்டியில் மூழ்கி இறந்தார். வலிப்பைப் பற்றி அவருடைய அம்மா முன்னமே ஊழியர்களிடம் எச்சரித்திருந்தார். அலட்சியமும் சாவுக்குக் காரணம் என்று 2015-இல் மரண விசாரணை ஜூரி சொன்னது. அம்மா சொன்னது குளியலறைப் பக்கம் நிற்கிற ஊழியர்வரை போய்ச் சேரவில்லை என்றால் சொல்லியும் பலனில்லை. நம் ஊரில் தொட்டிக்குப் பதில் பக்கெட். ஆனால் ஈரத்தரை, தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு, உள்தாழ்ப்பாள் எல்லாம் உண்டு. குளிக்கும்போது பெண் ஊழியர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், உள்ளே தாழ்ப்பாள் போடக் கூடாது என்று எழுதியே கொடுங்கள்.

எழுத்து என்றதும் ஃபைல் நிறையப் பேப்பர் வேண்டாம். பெரிய எழுத்தில் ஒரே பக்கம். வலிப்பு எப்படித் தொடங்கும், வழக்கமாக எத்தனை நிமிடம் நீடிக்கும். ஐந்து நிமிடம் தாண்டினால் உடனே 108. மாத்திரை பெயர், அளவு, நேரம். ஒரு வேளைகூடத் தவறக் கூடாது, திடீரென்று நிறுத்தினால் வலிப்பு தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதை அடிக்கோடிட்டு எழுதுங்கள். சாப்பிடும்போது புரையேறுமா, எப்படிப் பிசைந்து கொடுக்க வேண்டும். அவள் சொல்லும் வார்த்தைகளும் ஜாடைகளும், அவற்றின் அர்த்தமும். அப்புறம், எத்தனை நாளுக்கொரு முறை மலம் கழிப்பாள் என்பது. இதை எழுதக் கூச்சப்பட வேண்டாம். புது இடம், புதுச் சாப்பாடு, புது டாய்லெட் என்றால் மலச்சிக்கல் சுலபமாக வரும். முற்றிவிட்டால் உயிருக்கே ஆபத்து. வலியைச் சொல்லத் தெரியாத பெண் தலையை முட்டிக்கொள்வாள், கத்துவாள், கையைக் கடித்துக்கொள்வாள். விஷயம் தெரியாத ஊழியர் அதை அடம் என்று நினைப்பார். சில இடங்களில் தூக்க மாத்திரைதான் பதில். டாக்டர் சீட்டில் இல்லாத எந்த மாத்திரையும் உங்களைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

இனி அவளைப் பழக்குவது. முதல் வாரம் நீங்களும் கூடப் போய் ஒரு மாலை உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வாருங்கள். பிறகு ஒரு பகல், அடுத்து ஒரு ராத்திரி, சில நாள் கழித்து இரண்டு ராத்திரி. நீங்கள் நன்றாக இருக்கும்போது நடக்கும் இந்த ஒத்திகையில் எது தவறினாலும் ஓடிப்போய்ச் சரிசெய்ய முடியும். ஒருமுறை சொல்லாமலே சாயங்காலம் ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள். வளர்ந்தவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா, அவரவர் துணியை உடுத்தியிருக்கிறார்களா, சாப்பாட்டை அவசரமாகத் திணிக்கிறார்களா என்பதெல்லாம் அந்த நேரத்தில் தெரிந்துவிடும். சொல்லாமல் வரக் கூடாது என்கிற இல்லம் வேண்டாம்.

ஒத்திகை ராத்திரிகள் சரிப்படவே இல்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். அவளுக்குப் பழகிய சித்தியோ அத்தையோ இரண்டு பேர் முறை வைத்து உங்கள் வீட்டிலேயே தங்குவது அவளுக்கு இன்னும் நல்லது. அவர்களுக்கும் அதே ஒரு பக்கம்தான் வழிகாட்டி.

தேசிய அறக்கட்டளை என்ற மத்திய அரசு அமைப்பின் ‘சமர்த்’ திட்டம் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கும் நெருக்கடியில் இருக்கும் குடும்பங்களுக்கும் இந்த மாதிரித் தங்கலுக்கென்றே வந்தது. அதில் சேர்ந்த இல்லம் பக்கத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ காப்பீட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும். அட்டை இருந்தால் நகல் கொடுத்தனுப்புங்கள். 18 வயது தாண்டிய பிறகு சட்டப்படி பாதுகாவலராக இருக்க, 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் இருக்கும் உள்ளூர் குழுவில் விண்ணப்பிக்கலாம். பாதுகாவலர் உரிமையை இன்னும் வாங்கவில்லை என்றால் இப்போதே விசாரியுங்கள்.

அவள் திரும்பி வந்ததும் மாத்திரையை எண்ணுங்கள். எத்தனை கொடுத்தீர்கள், எத்தனை மீதம் இருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். எடை பாருங்கள். குளிப்பாட்டும்போது உடம்பைப் பாருங்கள். நாலைந்து நாள் உங்களை விடாமல் ஒட்டிக்கொண்டு திரிவதும் தூக்கம் கலைவதும் சகஜம். ஆனால் காரணம் சொல்ல முடியாத காயம், உடை மாற்றும்போது புதிதாக ஒரு பயம், குறிப்பிட்ட ஆளைக் கண்டால் ஒடுங்குவது என்று ஏதாவது தெரிந்தால் இல்லத்தின் விளக்கத்துக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றே அரசு மருத்துவமனையில் காட்டுங்கள், போலீசில் புகார் கொடுங்கள். 2016 சட்டத்தின் 7-வது பிரிவின்படி நிர்வாக நடுவரிடமும் (எக்ஸிகியூட்டிவ் மாஜிஸ்ட்ரேட்) முறையிடலாம். அவளுக்காக நீங்களோ வேறு யாரோ போய்ச் சொன்னால் போதும்.