சிஆர்பி 6-ஆ, 60-ஆ? குழந்தைகளுக்கான கொரோனா ரத்தப் பரிசோதனை: கேள்வி பதில்

பதில் தருபவர்: குழந்தைகள் நல மருத்துவர், மதுரை

செல்லூர்: ஆறு வயசுப் பையன், டாக்டர். நேத்து ஒரு லேப்ல சிஆர்பி 6.2ன்னு வந்துச்சு. இன்னைக்கு வேற லேப்ல 58ங்கிறாங்க. ஒரே நாள்ல பத்து மடங்கு ஏறுமா?

ஏறவில்லை, கொஞ்சம் இறங்கியிருக்கிறது. சிஆர்பி என்பது உடம்பில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஏறும் ஒரு புரதம். முதல் தாளில் எண்ணுக்குப் பக்கத்தில் மி.கி./டெ.லி. என்று இருக்கும், இரண்டாவதில் மி.கி./லிட்டர். டெசிலிட்டர் கணக்கை 10-ஆல் பெருக்கினால் லிட்டர் கணக்கு. அப்படியென்றால் நேற்று 62, இன்று 58. லேப் மாறினால் முதலில் அலகைப் பாருங்கள், எண் அப்புறம். ரத்தம் உறைந்து கரைவதைக் காட்டும் டி-டைமரிலும் இதே வம்பு உண்டு: 0.5 மைக்ரோகிராம்/மி.லி. என்பதும் 500 நானோகிராம்/மி.லி. என்பதும் ஒன்றே. அதில் எஃப்இயூ, டிடியூ என்று இரண்டு வகைக் கணக்கு வேறு. முதலாவது இரண்டாவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு காட்டும். கூடுமானவரை ஒரே லேபில் பாருங்கள்.

மேலூர்: ரெண்டு வயசுப் பொண்ணு. சளி, இருமல், ரெண்டு நாளாக் காய்ச்சல். கொரோனா பாசிட்டிவ். டி-டைமர், ஃபெரிட்டின், ஐஎல்-6 எல்லாம் சேர்த்து பேக்கேஜா எடுக்கச் சொல்றாங்க. எடுக்கணுமா?

பால் குடிக்கிறாள், விளையாடுகிறாள், மூச்சு சீராக இருக்கிறது என்றால் ஒன்றும் எடுக்க வேண்டாம். ஃபெரிட்டின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் புரதம், ஐஎல்-6 அழற்சியைக் காட்டும் ஒன்று. லேசான தொற்றில் இந்த எண்கள் வைத்தியத்தை மாற்றப் போவதில்லை, குழந்தையை ஊசியால் குத்தியதுதான் மிச்சம். பாரசிட்டமால் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி., நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. காய்ச்சல் இல்லாத நேரத்தில் மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். ஒன்று முதல் ஐந்து வயது வரை 40-க்கு மேல் போகக் கூடாது. நெஞ்சு உள்வாங்கினாலும், ஆக்சிஜன் 94-க்குக் கீழே இறங்கினாலும், குழந்தை சோர்ந்து எழுந்திருக்காமல் கிடந்தாலும், காய்ச்சல் ஐந்து நாளைத் தாண்டினாலும் உடனே காட்டுங்கள். அப்போது ரத்தம் எடுப்பதற்கு அர்த்தம் இருக்கிறது.

திருமங்கலம்: ஒன்றரை வயசுக் குழந்தைக்கு லிம்போசைட் 62%, 'அதிகம்'னு சிவப்பு எழுத்துல போட்டிருக்கு. வெள்ளை அணு மொத்தம் 9,800.

தாளில் அச்சடித்திருப்பது பெரியவர்களுக்கான அளவு. நாலைந்து வயது வரை குழந்தைகளுக்கு வெள்ளை அணுக்களில் லிம்போசைட் என்ற வகைதான் அதிகம் இருக்கும். சதவீதத்தை விட்டுவிட்டு எண்ணிக்கையைக் கணக்கிடுங்கள்: 9,800-ல் 62% என்றால் சுமார் 6,080. இந்த வயதுக்கு இயல்பு.

உண்மையில் கவலை எதிர்ப்பக்கம்தான். அதே குழந்தைக்கு 1,500 என்று வந்திருந்தால் பெரியவர்கள் அளவில் நார்மல் என்று கறுப்பு எழுத்தில் தப்பித்துப் போயிருக்கும், ஆனால் அந்த வயதுக்கு அது குறைவு.

உசிலம்பட்டி: எட்டு வயசு. நாலு வாரத்துக்கு முன்னாடி வீட்ல எல்லாருக்கும் கொரோனா. இப்ப நாலு நாளா 102 டிகிரி காய்ச்சல், வயித்து வலி, வாந்தி, ரெண்டு கண்ணும் சிவப்பு. சிஆர்பி 140 மி.கி./லி., பிளேட்லெட் 1.1 லட்சம், லிம்போசைட் 800, சோடியம் 129. டெங்குன்னு சொல்றாங்க.

இன்றைக்கே, இப்போதே கிளம்புங்கள். பெரியாஸ்பத்திரி குழந்தைகள் பிரிவுக்கோ, குழந்தைகளுக்கு ஐசியூவும் எக்கோவும் (இதய ஸ்கேன்) உள்ள வேறு இடத்துக்கோ போங்கள். மீதியை வண்டியில் படித்துக்கொள்ளலாம்.

கொரோனா வந்து 2 முதல் 6 வாரம் கழித்து உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாறுமாறாகக் கிளம்பும் நிலைக்கு எம்ஐஎஸ்-சி என்று பெயர். 2020 ஏப்ரலில் இங்கிலாந்து மருத்துவர்கள் எச்சரித்த பிறகுதான் உலகம் இதைக் கவனித்தது. முதல் கட்ட ரத்தப் பரிசோதனையில் பார்ப்பது: சிஆர்பி 50 மி.கி./லிட்டருக்கு மேல், அல்லது அழற்சியைக் காட்டும் இன்னொரு எண்ணான இஎஸ்ஆர் 40-க்கு மேல். கூடவே லிம்போசைட் 1,000-க்குக் கீழ், பிளேட்லெட் 1.5 லட்சத்துக்குக் கீழ், சோடியம் 135-க்குக் கீழ், நியூட்ரோஃபில் அதிகம், அல்புமின் குறைவு, இவற்றில் ஒன்றாவது இருந்தால் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். அடுத்த கட்டம் என்பது ட்ரோபோனின், என்டி-ப்ரோபிஎன்பி (இரண்டும் இதயப் பாதிப்பைக் காட்டும்), ஃபெரிட்டின், டி-டைமர், ஃபைப்ரினோஜன் (ரத்தம் உறைய உதவும் புரதம்), ஈசிஜி, எக்கோ. இதயத்தைப் பார்ப்பதுதான் இதில் முக்கியம்.

டெங்குவிலும் பிளேட்லெட் குறையும். ஆனால் வெள்ளை அணு மொத்தமாகக் குறையும், ஹெமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு) ஏறும், சிஆர்பி பெரும்பாலும் இந்த அளவுக்குப் போகாது. காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் டெங்குவில் ஆபத்து.

நம் பக்கத்தில் மறக்கக் கூடாத மூன்றாவது ஆள் உண்ணிக் காய்ச்சல். சிஆர்பி ஏற்றம், பிளேட்லெட் குறைவு, சோடியம் குறைவு எல்லாம் அப்படியே எம்ஐஎஸ்-சி மாதிரியே காட்டும். அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று துணியைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அது இருந்தால் மருந்து டாக்சிசைக்ளின், பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் விடும். பார்க்காமலே எம்ஐஎஸ்-சிக்கான ஸ்டீராய்டும் இம்யூனோகுளோபுலினும் (எதிர்ப்புப் புரத மருந்து) ஏற்றினால் பணமும் போகும், நாளும் போகும்.

வாடிப்பட்டி, லேப் டெக்னீஷியன்: சார், சின்னக் குழந்தைகளுக்குப் பிளேட்லெட் அடிக்கடி பொய்யாக் குறையுது. டி-டைமருக்கு ரத்தமும் பத்தலை.

முதலில் நீல டியூப் (டி-டைமருக்கு), அப்புறம் சிவப்பு அல்லது மஞ்சள், கடைசியில் ஊதா (பிளேட்லெட்டுக்கு). நீலத்தில் உறைவைத் தடுக்கும் சிட்ரேட் ஒன்றுக்கு ரத்தம் ஒன்பது பங்கு, அதாவது 0.2 மி.லி.க்கு 1.8 மி.லி. ரத்தம். கோடு வரை நிரம்பவில்லை என்றால் அந்த முடிவை வெளியே அனுப்பாதீர்கள், திரும்ப எடுங்கள். ஊதா டியூப்பை நிரப்பியவுடன் எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், குலுக்க வேண்டாம். எண்ணிக்கை குறைந்தால் குச்சியை விட்டு உறைவு இருக்கிறதா பாருங்கள், ஸ்மியரில் (கண்ணாடித் தகட்டில் தடவிய ரத்தம்) பிளேட்லெட் கொத்துக் கொத்தாக இருக்கிறதா என்றும் பாருங்கள். கொத்து இருந்தால் சிட்ரேட்டில் எடுத்து எண்ணி, வந்ததை 1.1-ஆல் பெருக்குங்கள். விரல் நுனியில் குத்தினால் முதல் சொட்டைத் துடைத்துவிடுங்கள். பிதுக்கினால் அணு உடைந்து எல்டிஹெச், பொட்டாசியம், ஏஎஸ்டி மூன்றும் பொய்யாக ஏறும்.

சோழவந்தான்: ஐஜிஜி ஆன்டிபாடி பாசிட்டிவ்னு வந்திருக்கு. அப்ப இது எம்ஐஎஸ்-சி தானே?

இல்லை. 2021 ஜூன், ஜூலையில் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) எடுத்த கணக்கிலேயே 6 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் ஆன்டிபாடி இருந்தது. எப்போதோ தொற்று வந்தது, அல்லது தடுப்பூசி போட்டது என்பதற்குத்தான் அது சாட்சி.

பேரையூர்: ஃபெரிட்டின் 310. அப்ப ரத்தசோகை இல்லைன்னு இரும்பு டானிக்கை நிறுத்திடலாமா?

வேண்டாம். காய்ச்சலிலும் அழற்சியிலும் ஃபெரிட்டின் தானாகவே ஏறும், உள்ளே இரும்பு காலியாக இருந்தாலும் ஏறும். உடம்பு தேறி சிஆர்பி இறங்கிய பிறகு மறுபடி பாருங்கள்.

அனுப்பானடி: எம்ஐஎஸ்-சிக்கு இம்யூனோகுளோபுலின் ஏத்தி வீட்டுக்கு வந்து அஞ்சு நாளாச்சு. சிஆர்பி 8 மி.கி./லி. ஆனா இஎஸ்ஆர் 95. திரும்பி வருதா? பையன் கபடி ஆடுவான், எப்ப விடலாம்?

இம்யூனோகுளோபுலினே இஎஸ்ஆரை ஏற்றிவிடும், சில வாரம் அப்படித்தான் இருக்கும். சிஆர்பியை நம்புங்கள். காய்ச்சல் இல்லாமல் 8-க்கு வந்திருக்கிறது என்றால் நல்ல திசை.

கபடிக்கு ரத்தத் தாள் அனுமதிச் சீட்டு அல்ல. முதல் இரண்டு வாரத்துக்குள் ஒரு எக்கோ, 4 முதல் 6 வாரத்தில் இன்னொன்று. இதயம் பாதிக்கப்பட்டிருந்தால் 3 முதல் 6 மாதம் மைதானம் வேண்டாம், இதய மருத்துவர் சொன்ன பிறகுதான். இன்னொன்று: கிலோவுக்கு 2 கிராம் இம்யூனோகுளோபுலின் ஏற்றியிருந்தால் தட்டம்மை, சின்னம்மைத் தடுப்பூசிகளை 11 மாதம் தள்ளிப் போட வேண்டும், இல்லாவிட்டால் சரியாகப் பிடிக்காது. டிஸ்சார்ஜ் தாளில் ஏற்றிய தேதியும் அளவும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்கி, தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வையுங்கள்.