எக்ஸ்-கதிர் தொலைநோக்கிகள் அண்டத்து வெடிப்புகளை எப்படிப் பிடிக்கின்றன?

எப்போது, எங்கே வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாது, அப்படியிருக்க விண்ணில் சுற்றும் தொலைநோக்கி அதை எப்படிச் சரியாகப் பார்க்கிறது என்பதுதானே கேள்வி? பெரும்பாலும் வெடித்த பிறகு ஓடிப்போய்த்தான் பார்க்கிறது. அந்த ஓட்டம்தான் இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

முதலில், தரையில் ஏன் வைக்க முடியாது? பல லட்சம், சில கோடி டிகிரி சூட்டில் இருக்கும் வாயு பெரும்பாலும் எக்ஸ்-கதிராகத்தான் ஒளிரும், அதை நம் வளிமண்டலம் விழுங்கிவிடும். சரி, மேலே போனாலும் சாதாரண ஆடி உதவாது, நேராக விழும் எக்ஸ்-கதிர் அதற்குள் புகுந்துவிடும். தண்ணீரில் தட்டையாக எறிந்த சில்லு தத்திப் போவதுபோல ஆடியை உரசிக்கொண்டு போனால்தான் திரும்பும். அதனால் 1999-ல் ஏவப்பட்ட சந்திரா என்ற எக்ஸ்-கதிர் தொலைநோக்கியின் ஆடிகள் ஒன்றுக்குள் ஒன்று செருகிய குழாய்கள் மாதிரி இருக்கும், உள்ளே இரிடியம் பூச்சு.

ஓட்டத்துக்கு வருவோம். 2004-ல் நாசா ஏவிய ஸ்விஃப்ட் என்ற செயற்கைக்கோளில் ஈயத் துண்டுகள் பதித்த ஒரு பெரிய தட்டு இருக்கிறது. எங்கோ ஒரு காமா கதிர் வெடிப்பு, அதாவது எக்ஸ்-கதிரைவிட ஆற்றல் மிகுந்த கதிர்களின் திடீர் வீச்சு, நடந்தால் அந்தத் துண்டுகளின் நிழல் கீழே இருக்கும் உணரிகளில் விழும். நிழல் விழுந்த விதத்தை வைத்தே திசையைக் கணக்கிட்டு, தரையில் யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் செயற்கைக்கோள் தானே திரும்பி, ஓரிரு நிமிடத்தில் எக்ஸ்-கதிர் தொலைநோக்கியை அங்கே குறிவைத்துவிடும். அப்புறம் அது வெறும் போட்டோ எடுப்பதில்லை. வந்து விழும் ஒவ்வொரு ஒளித்துகளும் எந்த இடத்தில், எந்த நேரத்தில், எவ்வளவு ஆற்றலோடு வந்தது என்று பதிவாகும்.

ஒருமுறை வெடிப்பே பார்வைக்குள் வந்து விழுந்தது. 2008 ஜனவரி 9-ல், சுமார் 9 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கும் என்ஜிசி 2770 என்ற விண்மீன் பேரடையில் (கேலக்ஸி), அதற்கு முன்பே வெடித்திருந்த வேறொரு சூப்பர்நோவாவுக்காக (நட்சத்திரம் வெடித்துச் சிதறுவது) வானியலாளர் அலிசியா சோடர்பெர்க் குழு ஸ்விஃப்டைத் திருப்பி வைத்திருந்தது. அதே பேரடையில் இன்னோர் இடத்தில் ஐந்து நிமிடம் போல ஒரு எக்ஸ்-கதிர் வீச்சு, அடுத்த சில நாட்களில் அங்கேயே ஒரு புது சூப்பர்நோவா! உள்ளிருந்து கிளம்பிய அதிர்வலை நட்சத்திரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்த நேரம் அது என்பதே அவர்கள் தந்த விளக்கம். கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் நம்பியிருந்தால் இந்த ஆரம்பம் கிடைத்தே இருக்காது. இதற்கு அதிர்ஷ்டத்தையே எதிர்பார்த்திருக்க முடியாது இல்லையா, அதனால் 2024-ல் சீனா ஏவிய ஐன்ஸ்டீன் புரோப் என்ற எக்ஸ்-கதிர் செயற்கைக்கோள் வானத்தின் பெரும்பரப்பை ஒரே நேரத்தில் கண்காணிக்கிறது.

ஆனால் வேகம் மட்டும் போதாத இடமும் உண்டு. 2017 ஆகஸ்ட் 17-ல் இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் (வெடித்த நட்சத்திரங்கள் விட்டுச்செல்லும் மிக அடர்த்தியான எச்சங்கள்) மோதியது ஈர்ப்பலையில், அதாவது வெளியிலேயே பரவும் அதிர்வில், தெரிந்தது. இரண்டு நாளில் சந்திரா பார்த்தபோது எக்ஸ்-கதிர் எதுவும் இல்லை, ஒன்பதாம் நாள் பார்த்தபோது இருந்தது, அதன் பிறகு மாதக்கணக்கில் ஏறிக்கொண்டே போய் அப்புறம்தான் குறையத் தொடங்கியது. மோதலில் பீறிட்ட தாரை நம்மை நோக்கி வரவில்லை, சற்று விலகிப் போனது. சுற்றியிருந்த வாயுவில் மோதி அது வேகம் குறைந்தபோதுதான் அதன் ஒளி விரிந்து நம் பக்கமும் வந்தது.