அஸ்பாரகஸ்: ஒடிப்பதா, சீவுவதா?

சமையலறைக் கேள்வி பதில்

கேள்வி: அஸ்பாரகஸ் தண்டின் இரு முனைகளையும் பிடித்து வளைத்தால், முற்றல் முடிந்து இளசு தொடங்கும் இடத்தில் அதுவாகவே ஒடிந்துவிடும் என்கிறார்கள். அப்படிச் செய்யும்போது சில தண்டுகளில் பாதி குப்பைக்குப் போய்விடுகிறது. இது சரியான முறைதானா?

பதில்: பலரும் கையாளும் முறைதான் என்றாலும் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. தண்டு எந்த இடத்தில் ஒடியும் என்பதை அதன் முற்றல் மட்டுமே தீர்மானிப்பதில்லை. விரல்கள் பிடித்திருக்கும் இடமும் வளைக்கும் விசையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. பிடியைச் சற்று மேலே நகர்த்தினால் அதே தண்டு இன்னும் மேலே ஒடியும், நல்ல பகுதியும் அதோடு போய்விடும்.

அடிப்பகுதி ஏன் கடினமாகிறது என்று தெரிந்துகொண்டால் எதை நீக்க வேண்டும் என்பதும் விளங்கிவிடும். அஸ்பாரகஸ் என்பது பல்லாண்டு வாழும் ஒரு செடியின் இளங்குருத்து. அறுவடைக்குப் பிறகும் அது மற்ற பல காய்கறிகளைவிட வேகமாகச் சுவாசித்துக்கொண்டே இருப்பதால், அதிலுள்ள சர்க்கரை குறைந்துகொண்டே வர, வெட்டுப்பட்ட முனையிலிருந்து மேல்நோக்கி லிக்னின் என்னும் மரத்தன்மையுள்ள பொருள் படிந்து நார் ஏறுகிறது. இந்த நார் பெரும்பாலும் தோலிலும் அதையொட்டிய வளையத்திலும்தான் இருக்கிறது; உள்ளே இருக்கும் சதை பல நேரங்களில் மென்மையாகவே இருக்கும். ஆகவே ஒடித்து எறிவதைவிட, வெட்டிவிட்டுத் தோலைச் சீவுவதே சிக்கனமான வழி.

முதலில் அடியில் காய்ந்து வெளுத்திருக்கும் 2 முதல் 3 சென்டிமீட்டர் வரையிலான பகுதியை வெட்டி நீக்குங்கள். பிறகு அந்த முனையில் கத்தியை மெதுவாக அழுத்திப் பாருங்கள். கத்தி தடையில்லாமல் இறங்கினால் அங்கேயே நிறுத்திவிடலாம்; நறநறவென்று நாரை அறுப்பது போலிருந்தால் இன்னும் ஒரு சென்டிமீட்டர் மேலே வெட்டிப் பாருங்கள். ஒரே கட்டில் வரும் தண்டுகள் பெரும்பாலும் ஒரே அளவுக்கு முற்றியிருக்கும் என்பதால், ஒன்றிரண்டைச் சோதித்துவிட்டு மற்றவற்றை வரிசையாக அடுக்கி ஒரே வெட்டாக வெட்டிவிடலாம். விரல் பருமனுள்ள பச்சைத் தண்டானால், கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரம் வரை பீலரால் மெல்லியதாகச் சீவுங்கள். பென்சிலைவிட மெலிந்த தண்டுகளைச் சீவத் தேவையில்லை; சீவினால் மிஞ்சுவதற்கு ஒன்றுமிராது.

கேள்வி: குழாய் நீரில் நன்றாகக் கழுவிய பின்னும் சாப்பிடும்போது மணல் நறநறக்கிறது. மணல் எங்கே ஒளிந்திருக்கிறது?

பதில்: இரண்டு இடங்களில். மணற்பாங்கான மண்ணில் இது பெரிதும் பயிரிடப்படுவதால், குருத்து மண்ணைத் துளைத்துக்கொண்டு வெளிவரும்போதே நுனியின் நெருங்கிய மடிப்புகளுக்குள் மணல் புகுந்துவிடுகிறது. தண்டின் பக்கங்களில் ஒட்டியிருக்கும் முக்கோண வடிவச் செதில்களின் அடியிலும் அது தங்குகிறது. குழாய் நீரை மேலிருந்து விட்டால் மட்டும் இந்த இடுக்குகளில் உள்ள மணல் முழுவதும் வெளியே வந்துவிடாது.

அகன்ற பாத்திரத்தில் குளிர்ந்த நீரை நிறைத்து, தண்டுகளின் நுனி கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து நீருக்குள் நன்றாக அலசி, பின்னர் ஐந்து நிமிடம் போல ஊறவிடுங்கள். அதன் பிறகு தண்டுகளைக் கையால் நீரிலிருந்து தூக்கி எடுக்க வேண்டும். பாத்திரத்தைச் சாய்த்து வடித்தால், அடியில் படிந்த மணல் மறுபடியும் தண்டுகளின் மேலேயே வந்து சேரும். பாத்திரத்தின் அடியில் மணல் தென்படாமல் போகும் வரை நீரை மாற்றி மாற்றி அலசுங்கள். அதற்குப் பின்னும் ஐயமிருந்தால், தண்டில் உள்ள செதில்களைச் சிறு கத்தியின் நுனியால் கிள்ளி எடுத்துவிடலாம். பருத்த தண்டுகளுக்கு அது பார்வைக்கும் அழகு, ஆனால் கட்டாயமில்லை. சோப்பும் காய்கறி கழுவும் திரவங்களும் இதற்குத் தேவையே இல்லை.

கேள்வி: வெள்ளை அஸ்பாரகஸையும் இப்படியே தயார் செய்யலாமா?

பதில்: கழுவுவது இப்படியே, சீவுவது அப்படியல்ல. குருத்தின் மேல் மண்ணை அணைத்து வெளிச்சம் படாமல் வளர்ப்பதால்தான் அது பச்சையம் இல்லாமல் வெண்மையாக இருக்கிறது. அதன் தோல் தடித்ததாகவும் நார் மிகுந்ததாகவும் சற்றே கசப்பாகவும் இருப்பதால், நுனிக்குச் சற்றுக் கீழே தொடங்கி அடிவரை சுற்றிலும் முழுமையாகச் சீவியே ஆக வேண்டும். இங்கே சிக்கனம் பார்த்தால், வெந்த பிறகும் மெல்ல முடியாத இழைகள் வாயில் நிற்கும். கையில் தூக்கிப் பிடித்துச் சீவினால் தண்டு முறிந்துவிடும் என்பதால், வெட்டுப் பலகையின் மேல் கிடத்தி, திருப்பித் திருப்பிச் சீவுங்கள். வேகும் நேரமும் கூடுதல்: பச்சைத் தண்டு கொதிநீரில் பருமனுக்கேற்ப 2 முதல் 5 நிமிடங்களில் வெந்துவிடும், வெள்ளைத் தண்டுக்கு 10 முதல் 15 நிமிடம் ஆகலாம்.

கேள்வி: மெலிந்த தண்டுகள்தானே இளசு?

பதில்: இல்லை. பருமன் என்பது செடியின் வயதையும் வகையையும் வீரியத்தையும் பொறுத்தது. குருத்து எவ்வளவு முற்றியது என்பதைக் காட்டுவதல்ல. பருத்த தண்டில் தோலுக்கு ஒப்பாகச் சதை அதிகம் இருப்பதால், சீவிச் சமைத்தால் அதுவே கூடுதல் மென்மையாக இருப்பதும் உண்டு. வாங்கும்போது பருமனைவிட நுனியைப் பாருங்கள்: இறுக மூடியிருக்க வேண்டும், ஈரமாகக் குழைந்திருக்கக் கூடாது.

கேள்வி: வாங்கியதும் கழுவி நறுக்கி வைத்துவிட்டால், இரண்டு மூன்று நாள் கழித்துச் சமைக்கும்போது வேலை மிச்சமாகுமல்லவா?

பதில்: இந்தக் காய்க்கு அந்த முன்னேற்பாடு உதவாது. நுனி மடிப்புகளில் தங்கும் ஈரம் அழுகலுக்கு வழி செய்யும். கழுவாமல், அடிமுனையை மட்டும் ஒரு சிறு துண்டு புதிதாக வெட்டிவிட்டு, 2 முதல் 3 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நீருள்ள உயரமான கண்ணாடிக் குவளையில் நிமிர்த்தி வைத்து, நுனிகளின் மேல் தளர்வாக ஒரு பையைப் போர்த்தி ஃபிரிட்ஜில் வையுங்கள். நீர் கலங்கினால் மாற்றுங்கள். அவ்வளவு உயரம் ஃபிரிட்ஜில் இல்லையென்றால், அடிமுனைகளை ஈரத்துணியால் சுற்றிப் படுக்க வைக்கலாம். எப்படி வைத்தாலும் மூன்று நான்கு நாட்களுக்குள் சமைத்துவிடுவது நல்லது.

கேள்வி: அடுப்பில் ஏற்றும் முன் கடைசியாகக் கவனிக்க வேண்டியது என்ன? சில நேரம் நீர் விட்டுக் குழைகிறது, சில நேரம் பச்சை நிறம் மங்கிவிடுகிறது.

பதில்: குழைவதற்குப் பெரும்பாலும் ஈரமே காரணம். எண்ணெயில் வதக்கவோ ஓவனில் சுடவோ போகிறீர்கள் என்றால், கழுவிய தண்டுகளைத் துணியால் ஒற்றி முழுமையாக உலர்த்துங்கள். ஈரத்தோடு இட்டால் அது வதங்காமல் ஆவியில் வெந்துவிடும். துண்டுகளாக நறுக்குவதானால் அடித்தண்டையும் நுனியையும் தனித்தனியே வைத்துக்கொண்டு, அடித்தண்டை முதலில் போட்டு ஓரிரு நிமிடம் கழித்து நுனியைச் சேருங்கள்.

நிறம் மங்குவதற்கு, கூடுதலாக வேகவைத்ததோ முன்னதாகவே எலுமிச்சைச் சாறு சேர்த்ததோ காரணமாக இருக்கும். வெப்பமும் அமிலமும் சேர்ந்து பச்சையத்தைப் பழுப்பு கலந்த நிறமாக மாற்றிவிடுகின்றன. சாற்றைப் பரிமாறும் நேரத்தில் பிழியுங்கள். ஊதா நிற வகை மட்டும் எப்படிச் சமைத்தாலும் பெரும்பாலும் பச்சையாகவே மாறிவிடும். அதன் நிறத்தைக் காக்க வேண்டுமென்றால் மெல்லியதாகச் சீவிச் சமைக்காமலேயே சாலட்டில் சேர்க்கலாம்.

கேள்வி: வெட்டிய அடித்துண்டுகளையும் சீவிய தோலையும் பயன்படுத்த முடியுமா?

பதில்: சுத்தமாகக் கழுவியவையானால் முடியும். 20 நிமிடம் நீரில் கொதிக்கவிட்டு வடிகட்டினால், சூப்புக்கு ஏற்ற மணமுள்ள சாறு கிடைக்கும். அரைத்துச் சேர்க்க விரும்பினால் கண் நெருங்கிய சல்லடையில் தேய்த்து வடிகட்டியே ஆக வேண்டும். மிக்ஸி நாரைத் துண்டாக்குமே தவிர, கரைக்காது.